ஏழாம் மேசை

மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.
காற்றுக்கு ஓட்டில்லை என்றார் தாணுலிங்கம் சார்.
யாரும் சிரிக்கவில்லை, மணி இரவு பதினொன்று.
கருங்கல் பள்ளிக்கூடம், பத்தாம் வகுப்பு 'பி',
கரும்பலகையில் பாதி அழிந்த முக்கோணம் ஒன்று.
கம்பிவலைக்கு அப்பால்
கட்டன்சாயா மணக்க
முகவர்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

பெட்டியைக் கவிழ்த்ததும்
முதலில் நிறம் பிரிக்க வேண்டும்.
மாவட்டத்துக்கு மஞ்சள், ஒன்றியத்துக்குப் பச்சை,
தலைவருக்கு இளஞ்சிவப்பு,
வார்டுக்கு வெறும் வெள்ளை.
எல்லாக் கண்களும் இளஞ்சிவப்பின் மேல் இருக்க
எனக்கு வந்தது வெள்ளை:
மாங்குழிவிளை மூன்றாம் வார்டு,
ஐம்பது ஐம்பதாய் ரப்பர் வளையம் போட்ட
ஒன்றரைத் தெரு.

முத்திரையில் அம்புகள் ஏன் சுழல்கின்றன என்று
பயிற்சி வகுப்பில் யாரோ கேட்டார்.
மை காயுமுன் மடித்தால்
எதிர்க் கட்டத்திலும் ஒன்று பதியும்.
ஆனால் அது கண்ணாடி பார்த்ததுபோல்
இடவலம் மாறிச் சுழலும்.
நேராய்ச் சுழல்வது மனசு,
மற்றது மடிப்பு.
இதை யோசித்த ஆளுக்கு
ஒரு செந்துளுவன் குலை
வாங்கிக் கொடுக்கலாம் என்று தோன்றியது.

கோட்டின் மேல் குத்தியதைத் தள்ளினேன்.
இரண்டு சின்னத்திலும் குத்தியதை,
தாளின் முதுகில் குத்தியதை.
'ஓடைக்குப் பாலம் எப்போ?' என்று
பேனாவால் கேட்டிருந்ததை
இரண்டு முறை வாசித்துவிட்டுத் தள்ளினேன்.
கேள்வி செல்லாது.

பிறகு அது வந்தது.
சாவிச் சின்னத்தில் சுத்தமாய் ஒரு முத்திரை,
கீழே ஓரத்தில் ஊதாவாய் ஒரு பெருவிரல்.
"ரேகை கெடக்கு, தள்ளுங்க!"
சீப்பின் முகவர் எட்வின் வலையில் நெற்றியை அழுத்தினார்.
விதி அவர் பக்கம்தான்.
ஓட்டுப் போட்டது யாரென்று காட்டிக்கொடுக்கும் அடையாளம்
தாளில் எதுவும் இருக்கக் கூடாது.

சாவியின் முகவர் லில்லிபாய்
அண்டி ஆபீசில் அண்டி தல்லுகிறவள்.
சத்தம் போடவில்லை.
வலைக்கண்ணி வழியே
பெருவிரலை மட்டும் உள்ளே நீட்டினாள்.
"சாறே, இதுல ரேகை எங்கன்னு பாத்துச் சொல்லும்.
அம்பிட்டையும் அண்டிக்கறை தின்னாச்சு.
ரேசன்கடை மிசினுக்கே என்னெத் தெரியாது,
பின்ன தாளுக்கு எப்பிடித் தெரியும்?"

தாணுலிங்கம் சார் பூதக்கண்ணாடி கேட்டார்.
ஆய்வகத்தின் பூட்டைத் திறந்து எடுத்துவந்தார்கள்.
அவர் குனிந்தார். நானும் குனிந்தேன்.
சுழி இல்லை, வளைவில்லை,
மழை தோர்ந்த சிமெண்ட் தரைபோல
வெறும் ஊதா.
அந்த வார்டில் அப்படி விரல்கள்
நூறாவது இருக்கும்.
"யாரையும் காட்டிக்கொடுக்கல்லியே" என்றார் சார்,
தனக்குள் சொல்வதுபோல.
'செல்லும்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

சாவி இருநூற்றுப் பதினான்கு.
சீப்பு இருநூற்றுப் பதினான்கு.
மறுபடி எண்ணினோம்.
மூன்றாம் முறையும் எண்ணினோம், வளையங்களை அவிழ்த்து.
சமமென்றால் குலுக்கல். அதுவும் விதிதான்.
இரண்டு சீட்டு, ஒரு சாக்பீஸ் டப்பா.
வாசலில் நின்ற போலீஸ்காரரைக் கூப்பிட்டு
எடுக்கச் சொன்னார்கள். தொப்பியைக் கழற்றிவிட்டு எடுத்தார்.
சீப்பு.

எட்வின் கத்தவில்லை, ஏனோ.
லில்லிபாய் அந்தத் தாள் இருந்த கட்டையே பார்த்தாள்.
'எண்ணினியளே, அது போதும்' என்று
அவள் சொல்லியிருந்தால்
இந்தக் கவிதை இங்கே முடிந்திருக்கும்.
அவள் சொன்னது:
"காலத்த ஏழு மணிக்கு வேலைக்குக் கேறணும்.
கடைசி பஸ் போயிருக்குமா?"

கட்டுகளைப் பையிலிட்டு அரக்கு உருக்கினேன்.
ஒரு சொட்டு என் பெருவிரலில் விழுந்தது.
ஊதி, ஆறவிட்டு, உரித்தேன்.
உள்பக்கத்தில் என் ரேகை,
ஒரு கோடு விடாமல்,
இடவலம் மாறி.

அதை எந்த உறையில் போடுவதென்று
கையேட்டில் இல்லை.